கதவைத் தாண்டிப் போன பேச்சு

ஒருவரை நம்பி நாம் ஒன்றைச் சொல்லும்போது, அது முழுக்க நம்முடையதுதானா? அதில் இன்னொருவருக்கும் பங்கு இருந்தால், அவரைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்க நமக்கு என்ன உரிமை? வீரம்மாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வந்தது. அவளாக அதைத் தேடிப் போகவில்லை. அது அவளைத் தேடி வந்தது, அதுவும் மைக் வழியாக.

அவள் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். கணவன் கன்னையா செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டர். அவளுக்குக் கிள்ளானில் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை. எண்பதாம் ஆண்டு, முப்பத்து நான்கு வயதில், வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு என்று ஒரு பல்கலைக்கழகம் நடத்திய பட்டப்படிப்பில் அவள் சேர்ந்தாள். எடுத்தது வரலாறு. கன்னையாவுக்குத் தெரியாது.

தெரியாமல் படிப்பதற்கு ரயில் உதவியது. போகும்போதும் வரும்போதும் படிப்பாள். புத்தகங்கள் ஆபிஸ் மேசை டிராயரில் தூங்கும். கட்டுரைகளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைப் அடிப்பாள். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வாரம் வடக்கே பினாங்கில் இருக்கும் வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும், பரீட்சையும் அங்கேதான். அதற்கு வீட்டில் சொன்ன பெயர் ‘கோர்ஸ்’. அரசாங்க வேலையில் இருப்பவர்களைக் கோர்ஸுக்கு அனுப்புவது வழக்கம்தான், யாரும் துருவிக் கேட்கவில்லை. கன்னையாவே அவளைப் புடுராயா பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போவான். பெட்டியைத் தூக்கிக் கொண்டு, டிக்கெட் விற்கிற தரகர்களைத் தள்ளிவிட்டு, நல்ல சீட்டாகப் பார்த்து வாங்குவான். ஒரு டின் பிஸ்கட்டும் மைலோவும் கையில் கொடுப்பான். பட்டறையில் போய், “வருஷா வருஷம் என் பெஞ்சாதியத்தான் பொறுக்கி எடுத்து அனுப்புறான் லா,” என்று சொல்லிக்கொள்வான்.

அவனிடம் மறைத்ததற்குக் காரணம் அவன் கோபக்காரன் என்பதல்ல. கோபக்காரனாக இருந்திருந்தால் அவள் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

போர்மனாக உயர அவனுக்கு ஒரு சான்றிதழ் பரீட்சை தேவைப்பட்டது. கல்யாணமான புதிதில் இரவு வகுப்புக்குப் போனான். பட்டறையில் அவனுக்கு ‘புரபசர்’ என்று பெயர் வைத்தார்கள். முதல் தடவை தோற்றான். இரண்டாம் தடவையும் தோற்றான். தண்ணீர்க் குழாயடியில்கூட, “புரபசர், ரிசல்ட் என்னா லா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். அதற்குப் பிறகு கிள்ளானில், தெரிந்த முகமே இல்லாத ஒரு பள்ளிக்கூடத்தில், மூன்றாம் தடவை எழுதினான். அது அவளுக்கு மட்டும் தெரியும். அதிலும் தோற்ற அன்று அடுப்படியில் உட்கார்ந்து, “இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்,” என்றான். அவள் தலையசைத்தாள். அந்தப் புத்தகங்களைப் பிறகு அவன் தொடவே இல்லை.

ஆகவே அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். பட்டம் முடிந்துவிடட்டும். முடிந்த அன்று, தானே, தன் வாயால், அவனிடம் மட்டும் சொல்ல வேண்டும். எங்கே, எப்படி என்றுகூட ரயிலில் யோசித்து வைத்திருந்தாள். படிக்கச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். இந்த ஒரு வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.

தலைநகரில் பல்கலைக்கழகத்தின் நிலையம் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தது. வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலையிலும் சனிக்கிழமையிலும் திறந்திருக்கும். விரிவுரை கேசட்டுகளை அங்கே இரவல் வாங்கலாம். லீவு கிடைக்காதவர்களுக்கு மேலதிகாரியிடம் பேசுவார்கள், பரீட்சைப் பயத்துக்கு ஆறுதல் சொல்வார்கள். இதற்கெல்லாம் ஆலோசகராக இருந்தவர் வேலாயுதம். அவரும் அதே குவார்ட்டர்ஸில் பிறந்தவர், அங்கிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள். அவருடைய அறைக் கதவில் ‘சூலிட்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். அரசாங்கக் கோப்புகளில் ‘ரகசியம்’ என்பதற்குப் போடுகிற மலாய்ச் சொல் அது.

இரண்டாம் ஆண்டில் அவளுடைய மதிப்பெண் இறங்கியது. வேலாயுதம் கூப்பிட்டு விட்டார்.

“என்னா தங்கச்சி, ஒரு கேசட்டுகூட நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்லையாமே?”

“வீட்டுல கேக்க முடியாதுண்ணே.”

“டேப் ரிக்கார்டர் இல்லையா?”

“இருக்கு. அவரும் இருக்காரு.”

வேலாயுதம் சிரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “இங்க சொன்னது இந்தக் கதவைத் தாண்டாது. அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே.”

அவள் சொன்னாள். கோர்ஸ் என்று சொல்லிவிட்டு வருவதை, முடித்த பிறகு சொல்லலாம் என்று இருப்பதை, ஏன் என்பதை. ஏன் என்று சொல்ல வந்தபோது அந்த மூன்றாம் தடவையும் வந்துவிட்டது. சொல்லி முடித்ததும் அவளுக்கு உடம்பு லேசானது. அந்தச் சுகம் யாருடைய செலவில் கிடைத்தது என்று அவள் அப்போது பார்க்கவில்லை. வேலாயுதம் உண்மையாகவே உதவினார். சனிக்கிழமைகளில் அவள் கேசட் கேட்க ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். மதிப்பெண் ஏறியது. மூன்று முறை வடக்கே போய் வந்தாள். கடைசி ஆண்டு மட்டும் பாக்கி.

அந்த ஆண்டு பொங்கலுக்கு, குவார்ட்டர்ஸ் நலச் சங்கம் ஒரு மண்டபத்தில் விருந்து வைத்தது. மைக் செட் எப்போதும் கன்னையாவின் பொறுப்பு. வேலாயுதம், வளாகத்திலிருந்து இரண்டு அதிகாரிகளை அழைத்து வந்திருந்தார். ஆள் குறைவு என்று நிலையத்தின் மாலை நேரத்தை வெட்டப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நம் மக்கள் படிக்க வருவார்கள் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அவர் மேடையேறியபோது பின்வரிசையிலிருந்து, “கேக்கல! கேக்கல!” என்று சத்தம் வந்தது. கன்னையா சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

“நம் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே ஒரு பெண், நம் யாருக்கும் தெரியாமல், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டார்,” என்றார் வேலாயுதம். “மூன்று முறை பரீட்சையில் விழுந்த ஒரு வீடு அது. அந்த வீட்டிலிருந்து இதோ ஒருவர் எழுந்து நிற்கிறார்.”

வீரம்மாவின் பெயரைச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. பெண்கள் அவளைப் பிடித்துத் தள்ளி மேடைக்கு அனுப்பினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அதோடு விட்டிருக்கலாம். “இந்த வெற்றிக்குப் பின்னால் நிற்கும் அன்புக் கணவரையும் மேடைக்கு அழைக்கிறேன்,” என்றார் வேலாயுதம். அம்ப்ளிபயர் பக்கத்திலிருந்து கன்னையா எழுந்து வந்தான். அவனுக்கும் ஒரு பொன்னாடை. படம் எடுத்தார்கள். படத்தில் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். குழாயடியில் சிரித்த அதே சிரிப்பு.

கீழே இறங்கியதும் பட்டறையில் கூட வேலை செய்யும் பழனியப்பன் அவன் தோளில் தட்டினார். “அடேய் புரபசர்! உண்மையான புரபசர வீட்டுக்குள்ளயே ஒளிச்சு வச்சிருந்தியே, மூச்சு விட்டியா நீ?” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆமா, ரெண்டு தடவதானே எழுதுன? இவரு மூணுங்கிறாரு?”

“பெரிய மனுசன் சொன்னா சரியாத்தான் இருக்கும் லா,” என்றான் கன்னையா.

மறுநாள் ஞாயிறு. அவன் வாசலில் உட்கார்ந்து மைக் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் காப்பியை வைத்தாள். அவன் கடைசி ஒயரைச் சுருட்டினான்.

“கோர்ஸ் எல்லாம் அதானா?”

“ஆமா.”

“நான்தானே பஸ் ஏத்தி விட்டேன்?”

“முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேங்க.”

“படிச்சது தப்பில்ல. நீ படிச்சா எனக்கென்னா, கௌரவம்தான்.” ஒயரின் முனையை முடிச்சுப் போட்டான். “அந்த மூணாவது தடவ. அத எதுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த?”

அவளிடம் பதில் இருந்தது. உங்களை எவ்வளவு மதிக்கிறேன் என்று காட்டுவதற்குத்தான் சொன்னேன் என்பது அந்தப் பதில். மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபோதே அது எவ்வளவு மோசமான பதில் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் காப்பியை எடுத்துக் குடித்தான், ஆறியிருந்தாலும்.

அடுத்த சனிக்கிழமை அவள் நிலையத்துக்குப் போனாள். வேலாயுதம் உற்சாகமாக இருந்தார்.

“வா தங்கச்சி! பாத்தியா, விண்ணப்பப் பாரம் கேட்டு எத்தன பேரு வர்றாங்க! மாலை நேரத்துல இனிமே எவனும் கை வைக்க முடியாது.”

“என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே.”

“கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப.”

“ஆமா.”

“அதான் கேக்கல.” அவர் அதைச் சாமர்த்தியமாகச் சொன்னதாகவே நினைத்தார். “உன் ஒருத்தியால இருவது பேரு படிக்கப் போறாங்க. அது பெருசா, உன் வீட்டுல ரெண்டு நாளு மூஞ்சிய தூக்கி வச்சிருக்கறது பெருசா?”

“படிப்பச் சொன்னீங்க, சரி. அந்த மூணு எதுக்குண்ணே?”

வேலாயுதம் புருவத்தைச் சுருக்கினார். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. “எந்த மூணு?”

மேடையில் பேசும்போது ஒரு வாக்கியம் நிமிர்ந்து நிற்க ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது, கைக்கு அகப்பட்டதை எடுத்து முட்டுக் கொடுத்திருக்கிறார். தீங்கு நினைத்துச் செய்திருந்தால் வெறுக்கவாவது முடியும். இங்கே அதுவும் இல்லை. அவள் எழுந்து வந்துவிட்டாள். வரும்போது கதவைச் சாத்தவில்லை.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. கன்னையா வழக்கம்போல வேலைக்குப் போனான், வந்தான், பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தான். டேப் ரிக்கார்டரைத் துடைத்து அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தான். இரண்டு பொன்னாடைகளும் அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஆனால் தன்னைப் பற்றி அவன் எதையும் அவளிடம் சொல்வதில்லை. பட்டறையில் யார் என்ன சொன்னார்கள், முதுகில் எங்கே வலிக்கிறது, எதுவும். கேட்டால், “சும்மாதான்,” என்பான்.

கடைசி மூன்று வாரத்துக்கான நாள் வந்தது. காலையில் அவனே பெட்டியைத் தூக்கினான். புடுராயாவில் தரகர்களைத் தள்ளிவிட்டு நல்ல சீட்டாக வாங்கினான். பிஸ்கட் டின்னையும் மைலோவையும் ஜன்னல் வழியாக நீட்டினான்.

“கோர்ஸ நல்லாப் பண்ணிட்டு வா,” என்றான்.

கேலியா, மன்னிப்பா, வாயில் பழகிப்போன சொல்லா என்று அவன் முகத்தில் தேடினாள். பஸ் நகர்ந்துவிட்டது.

பத்துமலையின் வெள்ளைப் பாறை தூரத்தில் தெரிந்து மறைந்தது. செலாயாங் தாண்டியது. மடியில் புத்தகம் திறந்தபடி இருந்தது, பாடம் எல்லாமே அவளுக்குத் தெரியும். அந்த ஆண்டு அவள் தேறுவாள் என்பதில் நிலையத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தேறிய அன்று அவனிடம் மட்டும் சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை மைக் எடுத்துக்கொண்டுவிட்டது. ரவாங் கடைத்தெருவுக்குள் பஸ் மெதுவாக ஊர்ந்தபோது அவள் எழுந்து முன்னால் டிரைவரிடம் போனாள்.

“அங்கிள், இங்க இறக்கி விடுங்க.”

“என்னாம்மா, டிக்கெட் பினாங்குக்கு இருக்கு?”

“பரவால்ல.”

பெட்டியையும் பிஸ்கட் டின்னையும் வாங்கிக்கொண்டு இறங்கினாள். சாலையைக் கடந்து, கோலாலம்பூர் போகும் பஸ் நிற்கும் பக்கத்தில் போய் நின்றாள்.