மாமாவின் கை உயர்ந்த மே தினம்

“பொட்டப் புள்ள கோஷம் போட்டா எவன்யா திருப்பிச் சொல்லுவான்?” என்று கேட்டார் மாமா. அம்மாவின் அண்ணன், தொழிற்சாலை யூனியனின் செயலாளர். எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் மே தின ஊர்வலம் புறப்பட நின்றது. வழக்கமாகக் கோஷம் போடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர் கையிலிருந்த தாளை வாங்கி நான் கணீரென்று படித்துக் காட்டியிருந்தேன். மூன்றாம் வகுப்புதான். ஆனால் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் என்ற திமிர் அப்போதே உண்டு.

“விடு மச்சான், கத்திட்டுப் போவட்டும்” என்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

மாமா விரலை ஆட்டினார். “தாள்ல கீறத மட்டும் படி. கேன்டீன் பேச்சு எடுத்தே, அவ்ளோதான்.”

கேன்டீன் பேச்சு என்றால் அத்தை பேச்சு. அப்பாவின் தங்கை தொழிற்சாலை கேன்டீனில் பல வருடமாகக் கான்ட்ராக்டில் வேலை செய்தாள். அந்த மாதத்தோடு பழைய பெண்களை நிறுத்திவிடப் போவதாகக் கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். யூனியன் தட்டிக் கேட்டால்தான் வேலை தங்கும். கான்ட்ராக்டரோ யூனியன் சேர்ந்திருந்த கட்சியின் ஆள். தேர்தல் வேறு வந்துகொண்டிருந்தது. இப்போது வாயைத் திறக்காதீர்கள் என்று கட்சி சொல்லிவிட்டது. அத்தை விடுவாளா?

“இன்னா மாமா, கொடிக்கு மட்டும் கஞ்சி போட்டு வெறப்பா வெச்சிக்கினு கீறீங்க. எங்க வயித்துக்கு?”

அவள் இப்படிக் கேட்கும்போதெல்லாம் மாமா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

ஊர்வலம் கிளம்பியது. “தொழிலாளர் ஒற்றுமை!” என்றேன். “ஓங்குக! ஓங்குக!” என்று தெருவே அதிர்ந்தது. அடேயப்பா! என் ஒரு வாய்க்கு இத்தனை வாய்களா! அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு குதிரை ஓட்டுவதுபோல் குதித்தேன். அந்த வேகத்தில் கொடிமரம் வருவதற்குள் தாள் தீர்ந்துவிட்டது.

எதிரே மேடையில் கட்சித் தலைவரும் பக்கத்திலேயே கான்ட்ராக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் நின்றால் ஊர்வலம் செத்துவிடும் என்று மாமாவே சொல்வார். அதைச் சாக விடலாமா? வாயில் வந்ததைப் போட்டேன்.

“கேன்டீன் பெண்களைப் பர்மனென்ட் செய்!”

“செய்! செய்!”

முதலில் எழுந்த குரல் மாமாவுடையது. கோஷம் காதில் விழுந்தால் கை தானாக மேலே போகிற மனிதர். உயர்த்திய பிறகுதான் கண்கள் பிதுங்கின. அதற்குள் தெரு முழுவதும் கத்திவிட்டது. மேடையில் தலைவரின் முஷ்டியும் பழக்கத்தில் உயர்ந்தே போயிற்று. கான்ட்ராக்டரின் கை பாதி எழும்பி, மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

அத்தனை பேர் முன்னால் உயர்த்திய கையைத் தலைவர் என்ன செய்வார்? “கேன்டீன் சகோதரிகளை எவனும் வெளியே அனுப்ப முடியாது!” என்று மைக்கில் முழங்கினார். அத்தை விரலை மடித்து வாயில் வைத்து விசில் அடித்தாள். அவள் வேலை தங்கியது.

அடுத்த மாதம் வேறொருவர் செயலாளர் ஆனார். மாமா ஓய்வெடுக்கிறார் என்று வீட்டில் சொன்னார்கள். இனி சாயங்காலமெல்லாம் என்னோடு கேரம் ஆடுவார் என்று நான் துள்ளிக் குதித்தேன். அம்மா ஏன் அன்று எனக்கு முகம் கொடுக்கவில்லை என்பது அப்போது புரியவில்லை.

அந்தக் கை பழக்கத்தில் உயர்ந்ததா, தெரிந்தே உயர்ந்ததா? இப்போதும் கேட்கிறேன். “ஆடுறியா, இல்ல பேசிக்கினே இருக்கியா?” என்று காயைச் சுண்டுகிறார்.

டிப்ளமோ முடித்து, பங்காருபேட்டையில் ரயிலேறி, பெங்களூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருகிறேன். சங்கம் தொடங்குகிறோம் என்றதும் இரண்டு கட்சிக்காரர்கள் கொடியோடு வந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம். போன திங்கட்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் கேட் முன்னால் நின்று, தாள் எதுவும் இல்லாமல், முதல் கோஷத்தைப் போட்டேன்.

திருப்பிச் சொன்னார்கள், மாமா.