ஷூவுக்குள் வைத்த தாள்

ஜான்சன் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘பேப்பர் மாமா’. இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மாதனூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் போவோம். அவர் சூப்பர்வைசர், நான் பேக்கிங் செக்‌ஷன். பஸ்ஸில் யாராவது முதலாளியைத் திட்டினால் எழுந்துபோய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொள்வார். டீக்கடையில் வடை வைத்துக் கொடுத்த தாளைக் கசக்க மாட்டார். எண்ணெயோடு நீவி, பைக்குள் வைத்துக்கொள்வார். பழைய பேப்பரை எடைக்குப் போட விடுவதில்லை என்று அவர் மனைவி ஆரோக்கியமேரி புலம்புவார். மூன்று வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த கிறுக்கு என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

போன மாதம் ஒருநாள் டிஷ்யூ பேப்பர் தீர்ந்துவிட்டது. ஷூவின் முன்பக்கம் அமுங்காமலிருக்க உள்ளே தாளைத் திணிக்க வேண்டும். சென்னைக் கடைக்குப் போகிற சரக்குதானே என்று பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க ஆரம்பித்தேன்.

“எடு! எல்லாத்தையும் வெளிய எடு!”

அண்ணன் ஓடிவந்து தரையில் முட்டிபோட்டுவிட்டார். ஒவ்வொரு தாளாக உருவி, தொடைமேல் வைத்து நீவினார். நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணின் முகம், ஏதோ ஒரு நடிகரின் முகம். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

மனசு கேட்காமல் சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “இன்னாண்ணே ஆச்சு?”

கேன்டீன் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துவிட்டு, மெதுவான குரலில் சொன்னார். நாட்டின் பெயரைச் சொல்லவில்லை, ‘அந்த ஊர்’ என்றுதான். ஹாஸ்டல் அறைச் சுவரில் ஒரு ஸ்பீக்கர் இருக்குமாம். சத்தத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. அந்த நாட்டுத் தலைவரைப் பற்றிய பாட்டுதான் எப்போதும்; கல்யாணத்துக்கும் அதுதான், குழந்தையைத் தூங்க வைக்கவும் அதுதான். பக்கத்து அறைக்காரன் என்ன பேசினான் என்று சனிக்கிழமைதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“நானும் எழுதிக் குடுத்தேன். ஒண்ணுமில்லாததாப் பாத்துதான் எழுதுவேன்,” என்றார்.

அங்கே அவர் வேலை பார்த்த ஷூ கம்பெனியிலும் ஒருநாள் டிஷ்யூ தீர்ந்துவிட்டது. அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெண் இருந்தாள். அவளிடம், ஹாஸ்டலில் கிடக்கும் செய்தித்தாளைக் கொண்டுவந்து திணிக்கச் சொல் என்றார். ஆம்பூரில் இருபது வருஷமாகச் செய்த பழக்கம். அவள் தயங்கினாள். இவர் ‘சீக்கிரம்’ என்றார். அந்த ஊர்ச் செய்தித்தாளில் தலைவர் படம் இல்லாத பக்கமே கிடையாது. நாற்பது ஜோடி ஷூவுக்குள் தலைவர் முகம் கசங்கிக் கிடந்தது.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். யார் செய்யச் சொன்னது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை இவருக்கு மொழிபெயர்த்ததும் அவள்தான்.

“‘தெரியாது’ன்னு சொல்ட்டேன் தேவகி. அதையும் அவதான் அவங்க பாஷைல சொன்னா. குரல் கொஞ்சங்கூட ஆடல.”

அன்று சாயங்காலம் முதல் அவளைக் காணவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும் ஒரு தாளை நீட்டினார்கள். அவள் பெயரை எழுதி, ‘இந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை செய்யவில்லை’ என்று ஒரே வரி. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இவரும் போட்டார்.

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒரு வார்த்தை, ‘நான்தான்’ என்று சொல்லியிருக்கக் கூடாதா? நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்டுக்கொள்ளப் பயமாக இருந்தது. ஆனால் சும்மா எழுந்துபோகவும் முடியவில்லை.

எங்கள் ஊர் மாதா கோவிலில் விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் சீட்டு எழுதிப் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் பெயர்களை வாசிப்பார். நான் பேனாவை எடுத்தேன்.

“அவ பேரச் சொல்லுங்கண்ணே, நான் எழுதிப் போடறேன். ஃபாதர் மைக்ல சத்தமா வாசிக்கட்டும். இங்க யாரு நம்மள கேக்கப் போறாங்க?”

அவர் வாயைத் திறந்தார். முதல் எழுத்துக்கு உதடு குவிந்தது. மேலே ஏதோ சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

“அந்தப் பேர்ல அங்க யாரும் வேலை செய்யலம்மா,” என்றார்.