ஆபிரகாம் மட்டும்

பஸ்ஸில் பக்கத்து ஆளின் துண்டிலிருந்து ஆட்டுவாடை அடித்ததும், இருந்த இடம் தெரியாமல் இன்று போய்விட்ட கோவில்பட்டி மிஷன் விடுதியின் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்துவிட்டது. காய்ச்சலில் நான் பிழைத்தால் கடவுளுக்கே தந்துவிடுவதாக நேர்ந்துகொண்ட அப்பா, ஏழு வயதில் என்னை அங்கே விட்டு, ஆட்டுவாடை வீசும் தன் துண்டை என் தோளில் போர்த்திவிட்டு, எங்கள் ஊருக்கு, பசுவந்தனை பஸ் ஏறிப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் கரிசல் காற்றுக்குத் தகரம் தடதடக்க, கடவுள் கேட்டாரென்று ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலையேறிய கதையை டீச்சர் பைபிளிலிருந்து வாசிப்பார். மகனுக்குப் பதில் ஆட்டுக்கடா கிடைத்ததும் எல்லோரும் கைதட்டுவோம்.

ஒருநாள் கேட்டேன்: "ஆபிரகாம் திரும்பி வந்தான்னு மட்டுந்தான போட்டிருக்கு. ஈசாக்கு எங்க டீச்சர்?"

"ஏட்டி, அவனும் கூடத்தான் வந்திருப்பான். உக்காரு."

துண்டை முகத்தோடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பசுவந்தனையில் அப்பா தனியாகத்தான் இறங்கியிருப்பார்.