சாந்த குணத்தை ஆராய்ந்த நெவேனா

சாந்த குணத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவள் நெவேனா. அந்த முந்நூறு பக்கத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினாள் என்ற உண்மையை ஆய்வேட்டின் எந்த அடிக்குறிப்பிலும் காண முடியாது. ஆகவே அறிவுலகின் நன்மைக்காக அதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பல்கேரியாவின் மலையூர் ஒன்றில் அவள் பள்ளி ஆசிரியை. கணவன் கோஸ்தாதின் பேருந்து ஓட்டுபவன். பிள்ளைகள் படிப்புக்கென்று சோபியாவுக்குப் போய்விட்ட பிறகு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இறையியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். ஆதித் திருச்சபையில் பெண்கள் செய்த ஊழியம் பற்றி எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. நெறியாளர் ஸ்பிரிதோன் சாமி தாடியைத் தடவிக்கொண்டார்.

"அது காரமான சமாச்சாரம்மா. வயிறு எரியும். உனக்குப் பாலைவனத் துறவிகளோட சாந்த குணம்தான் பொருந்தும். பொம்பளைக்கு அழகு."

நெவேனாவின் கோபம் அன்றுதான் தொடங்கியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

ஸ்பிரிதோன் சாமி சாதாரண ஆளில்லை. பேராசிரியர், நெவேனாவின் ஊர்ப் பெரிய கோயிலின் பங்குத்தந்தை, எந்தக் குழுவை அமைத்தாலும் அதற்குத் தலைவர். இத்தனை சுமையைத் தாங்குகிறவருக்கு வாசிக்க ஏது நேரம்? சாப்பிட மட்டும் கொஞ்சம் நேரம் இருந்தது. அவர் அறைக்குப் போகும் ஆய்வு மாணவிகள் வெறுங்கையோடு போவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். நெவேனா பனித்ஸா சுட்டுக்கொண்டு போவாள். மெல்லிய மாவுத் தாள்களை அடுக்கி, நடுவே பாலாடைக்கட்டியும் முட்டையும் வைத்துச் சுடுவது. சாமி அதை அடுக்கு அடுக்காகப் பிரித்து ஆராய்வார்.

"மேல் அடுக்கு பிரமாதம். நடுவுல உப்பு ஒரு கல்லு தூக்கல். அடி கொஞ்சம் இன்னும் சிவந்திருக்கலாம்."

ஆறு வருடங்களில் அவளுடைய எழுத்துக்கு இப்படி ஒரு நுணுக்கமான மதிப்புரை கிடைத்ததில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் வண்டி நின்றது. அது மன்னிப்பைப் பற்றியது. முதல் தடவை கொடுத்தபோது, "ரொம்ப நீளம்மா" என்றார் சாமி. கொதித்துப்போன நெவேனா, ஒரு எழுத்தையும் மாற்றாமல், உறையை மட்டும் மாற்றி மறுபடி கொடுத்தாள். "இப்ப ரொம்பச் சுருங்கிப்போச்சே" என்றார். அதையே மூன்றாம் தடவை நீல உறையில் கொடுத்தாள். "அளவு சரி. ஆனா தாழ்மை போதலை."

இதற்கிடையில், ஆயரின் அக்காள் மகன் ஒருவன் கோயில் மணிகளைப் பற்றிப் பெரிய எழுத்தில், நிறையப் படங்களோடு எழுதி, இரண்டே வருடத்தில் முனைவராகிவிட்டான். நெவேனா போய்க் கேட்டாள்.

"அவன் அவசரப்படலையேம்மா," என்றார் சாமி. "நீ சாந்தத்தைப் பத்தி எழுதறே. காத்திருக்கறதும் உன் ஆராய்ச்சிதான். நான் தாமதிக்கிறது உனக்குச் செய்யற உதவி. சரி, பட்டம் வாங்கி நீ என்ன பூசையா வைக்கப் போறே?"

அன்று வீட்டில் இரண்டு தட்டுகள் உடைந்தன. கோஸ்தாதின் துடைப்பத்தை எடுத்துக்கொண்டே கேட்டான்: "இது எந்தத் துறவியோட போதனை?"

"பேசாம இருங்க. வர்ற திங்கட்கிழமை துறைக் கூட்டம். அதுக்குள்ள அந்த ஆளு சம்மதக் குறிப்பு எழுதித் தரலேன்னா என் பதிவே காலாவதி. ஆறு வருஷமும் குப்பை."

திங்கட்கிழமை தவக்காலத்தின் முதல் நாள். அதற்கு முந்தைய ஞாயிறு மன்னிப்பு ஞாயிறு. அன்று அந்த ஊர் வீடுகளில் உத்தரத்திலிருந்து நூலில் அல்வாத் துண்டைத் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கவ்வ வேண்டும். மூக்கில் இடிக்கும், கன்னத்தில் ஒட்டும், வாயில் மட்டும் அகப்படாது. நெவேனா அந்த வருடம் விளையாட மறுத்துவிட்டாள். "இதைத்தானே ஆறு வருஷமா விளையாடறேன்" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாள்.

மாலை ஜெபம் முடிந்ததும் வழக்கப்படி சாமி பீடத்துக்கு முன் வந்து நின்றார். சனம் வரிசையில் வந்தது. ஒவ்வொருவருக்கும் முன்னால் சாமி குனிந்து, "பாவி என்னை மன்னிச்சிடுங்க" என்பார். "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிச்சேன்" என்று அவர்கள் சொல்வார்கள். பிறகு அவர்கள் குனிவார்கள், அவர் மன்னிப்பார். வரிசை அழகாக ஓடியது. நெவேனாவின் முறை வந்தது.

"பாவி என்னை மன்னிச்சிடும்மா."

"எதுக்கு சாமி?"

குனிந்த சாமி குனிந்தபடியே நின்றார். அப்படி ஒரு பதில் ஜெப நூலில் இல்லை.

"வழக்கம்மா இது. பதிலைச் சொல்லிட்டு நகரு," என்றார் தாழ்ந்த குரலில்.

"எந்தத் தப்புன்னு தெரியாம எப்படி மன்னிக்கிறது? பேர் சொல்லாத தப்புக்கு மன்னிப்பு கிடையாதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். மூணாம் அத்தியாயம்."

"அதான் வாசிச்சேனே."

"கோயில்ல நின்னு சொல்றீங்க. என்ன சாமி வாசிச்சீங்க?"

வரிசை பின்னால் முட்டியது. மெழுகுவத்தி விற்கும் பென்கா அக்கா கழுத்தை நீட்டினாள்.

"என்னடி தடங்கல்? அடுப்புல முட்டை வெந்துட்டிருக்கு எனக்கு!"

"ஒண்ணுமில்லக்கா. சாமி எதுக்கு மன்னிப்புக் கேக்கறார்னு யோசிச்சிட்டிருக்கார்."

"நிறைய இருக்கும். ஒண்ணு ரெண்டு சொல்லிட்டுப் போகச் சொல்லு!"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. சாமியின் முதுகோ குழுத் தலைவரின் முதுகு, குனிந்து பழக்கமில்லாதது. கேட்ட மன்னிப்பு கிடைக்காமல் நிமிரவும் முடியாது. நிமிர்ந்தால் தவக்காலம் முழுக்க ஊர் அதையே மெல்லும். தாடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மூணாம் அத்தியாயத்தை... வாசிக்கலை."

"கேக்கலை சாமி."

"வாசிக்கலைம்மா! ஒண்ணு, ரெண்டையும் வாசிக்கலை! போதுமா?"

நெவேனா நிதானமாக, "கடவுள் மன்னிப்பார். நானும் மன்னிச்சேன்" என்றாள். பிறகு அவள் முறை. குனிந்தாள்.

"பாவி என்னை மன்னிச்சிடுங்க சாமி."

சாமி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் ஒரு ஒளி.

"எதுக்கும்மா?"

"ஆறு வருஷமா தினமும் காலையில எழுந்ததும் உங்களைக் கழுதைன்னு திட்டினதுக்கு. உங்களுக்குன்னு சுட்ட பனித்ஸாவுல வேணும்னே உப்பு தூக்கலாப் போட்டதுக்கு."

பென்கா அக்கா மெழுகுவத்திப் பெட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டாள். சாமிக்கு வேறு வழியில்லை. கடவுள் மன்னிப்பார் என்றார். தானும் மன்னித்ததாகச் சொல்ல மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை சம்மதக் குறிப்பு துறைக்கு வந்து சேர்ந்தது. கூட்டம் ஆய்வேட்டை ஏற்று, வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தது. நெவேனா நடைகூடத்தில் நின்று சாமி எழுதியதை வாசித்தாள். 'ஆய்வாளரின் சாந்த குணத்தை நான் நேரில் சோதித்து அறிந்திருக்கிறேன். அவருக்கு அதை இத்தனை ஆண்டுகள் பொறுமையாகக் கற்பித்தவன் என்ற முறையில் மகிழ்கிறேன்.'

அவள் முகம் பீட்ரூட் நிறமானது. சாமியின் அறைப் பக்கம் திரும்பினாள். கூட வந்திருந்த கோஸ்தாதின் குறுக்கே வந்து அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டான்.

"கீழ கையெழுத்து இருக்கா?"

"இருக்கு. ஆனா இந்த ஆளு..."

"முத்திரை?"

"இருக்கு."

"அப்ப வா. மிச்சக் கோபத்தை அடுத்த வருஷ மன்னிப்பு ஞாயிறுக்கு வெச்சுக்கோ."