பெரட்டில் வாசிக்கும் துண்டு

கேகாலைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் தாதியாக இருந்தபோது, மருந்துக் காம்பராவில் நான் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டுகளைக் கணக்கப்பிள்ளை மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னும் உரக்க வாசிப்பார். யாருக்கு என்ன நோய் என்று தெரிந்தால் பொய் சொல்லி வேலைக்கு டிமிக்கி கொடுக்க மாட்டார்களாம்.

மூன்றாவது பிரசவம் முடிந்து சில வாரங்களிலேயே ரப்பர் பால் வெட்டப் போன ஒருத்தி வந்தாள். கர்ப்பப்பை இறங்கியிருந்தது. செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னேன்: பால் வாளி தூக்கக் கூடாது, கேகாலை கிளினிக்குக்குப் போக வேண்டும், மூன்று மாதம் லேசு வேலை.

"துண்டு மட்டும் வேணாங்க மிஸி. பெரட்டுல வாசிப்பாங்க. எங்க மாமனாரு முன்னாலயே நிப்பாரு."

துண்டில்லாமல் லேசு வேலை இல்லை. கணக்கப்பிள்ளையிடம் பேசினேன். கெட்டவரில்லை.

"காய்ச்சல்னு எழுதுங்க மிஸி."

"மூணு மாசத்துக்கா?"

"மூணு மாசம் காய்ச்சல் அடிச்சா ஆளே இருக்காதுதான்," என்று சிரித்தார். "தொரையைப் பாருங்க."

தோட்டத்தை நடத்தும் துரை, காரணம் வாசிக்காத துண்டு செல்லாது என்றார். நான் தங்கியிருந்த குவாட்டர்ஸ் தோட்டத்துடையது என்பதையும் நினைவூட்டினார். அங்கிருந்து பஸ் ரோட்டுக்குப் போகும் ஒரே பாதையிலும் தோட்டத்துக் கேட்தான் இருந்தது.

அவள் தொடர்ந்து வாளி சுமந்தாள். பிறகு ஒருநாள் சரிவில் பாலைக் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள் என்று சொன்னார்கள். காரணம் போடாமல் அவளுக்கு ஒரு துண்டு எழுதி, மறுநாள் பெரட்டுக்கு நானே கொண்டு போனேன். அதை நானே வாசிப்பதாகக் கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன்.

"இவங்க வாளி தூக்கக் கூடாது. என்ன நோயின்னு எனக்குத் தெரியும்."

"காரணத்தைச் சொல்லுங்க மிஸி. நான் தொரைக்குப் பதில் சொல்லணும்."

அவள் தலை கவிழ்ந்து நின்றாள். பெண்கள் வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பொம்பளை நோயின்னு எழுதிக்கிங்க. எனக்குந்தான் இருக்கு."

"எனக்கும் எழுதிக்கிங்க ஐயா," என்றாள் அடுத்தவள். "வேணும்னா உங்க வீட்டம்மாவைக் கேளுங்க, வெளக்கமா சொல்லுவாங்க."

கணக்கப்பிள்ளை அவசரமாக, தலை கவிழ்ந்து நின்றவளுக்குத் தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை போட்டார்.

அவளைக் காப்பாற்ற அந்தப் பெண்கள் பொய் சொன்னதாகவே நினைத்தேன். அன்று பின்னேரம் அவர்கள் மருந்துக் காம்பராவுக்கு வந்தார்கள், இன்னும் சிலரோடு. கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருத்தியாகச் சோதித்தேன். யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. ஒருத்திக்குக் கர்ப்பப்பை இறங்கிப் பல வருடம். சேலைத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு மலை ஏறியிருக்கிறாள்.

பிள்ளைக்காம்பராவில் வேறு இடம் இல்லை. மற்றவர்கள் மறுநாள் வாளியோடு மலைக்குப் போனார்கள். நான் லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. அவர்களுக்காகக் கிளினிக்கில் யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்று எழுதிக்கொண்டு, லீவில்லாமலே தோட்டத்துக் கேட்டைத் தாண்டிக் கேகாலை பஸ் ஏறினேன்.