ஒன்பது வாக்கியங்கள்

சத்தியவேடு ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று தீராமல் கிடந்த நாட்களில் எங்கள் ஊருக்கு ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். இது தமிழ் ஊர் என்று அவருக்குக் காட்ட என் நைனா தேர்ந்தெடுத்த சாட்சி நான். ஒன்பது வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நாள், நாளைக்கு ஆறு முறை, கிணற்று மேட்டில் நிறுத்திச் சொல்ல வைத்தார். எழுபத்திரண்டு முறையும் பிழையில்லை. கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் என்னை ஒரு பெஞ்சின் மேல் ஏற்றினார்கள். நூற்று நாற்பது தலை வரை எண்ணினேன். பிறகு சத்தமெல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது. முகங்கள் சுவரில் ஒட்டிய நோட்டீஸ்களைப் போலத் தட்டையாயின. என் கைகள் யாரோ வைத்துவிட்டு மறந்துபோனவை போலத் தொங்கின. பெஞ்சின் மேல் ஒரு பையன் நிற்பதை எங்கோ பின்னாலிருந்து பார்த்தேன். பேசுவானா மாட்டானா என்று வேடிக்கை பார்த்தேனே தவிர, பயம்கூட இல்லை.

அதிகாரி நல்ல மனிதர். பையன் திணறுவதைக் கண்டு எந்த வகுப்பு என்று தெலுங்கில் கேட்டார். "ஏம் பாபு, ஏ தரகதி?"

எங்கள் பக்கத்தில் கேட்ட மொழியிலேயே பதில் சொல்வதுதான் மரியாதை.

"ஐதோ தரகதி, சார்" என்றான் பையன்.

தெலுங்குக் கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். "உன் புள்ளயே அந்தப் பக்கம் பூட்டான், மச்சான்" என்றார் மாமா.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நைனா கேட்டார். "அவ்ளோ சொல்லிக் குடுத்தனே, வாயில இன்னாடா வச்சிக்கினு இருந்த?"

பேசியது நானில்லை, அவன் என்றேன். அறை விழுந்தது. அதுகூடப் பக்கத்து வீட்டில் யாருக்கோ விழுந்தது போலத்தான் கேட்டது.

நாங்கள் ஆந்திராவோடு சேர்ந்தோம். தாலுகாவையே நான் தூக்கிக் கொடுத்துவிட்டதாகச் சாகும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் நைனா சொன்னார். நானும் நம்பினேன். கல்யாண வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் என் கைகள் மறுபடி இரவல் கைகளாகிவிடும். செய்த குற்றத்துக்குத் தண்டனை என்று வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் எண்ணிய அந்தப் பையன் அதிகாரியின் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் எண்ணினான். ஒன்று. நான் பெஞ்சில் ஏறி இறங்கும்வரை அது பையைவிட்டு வெளியே வரவே இல்லை; என் பதிலை அவர் குறித்துக்கொள்ளவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று ஐந்தாம் வகுப்புக்கு விளங்கவில்லை.

நைனா முன்வரிசையில்தான் நின்றிருந்தார். அவரும் பார்த்திருப்பார்.