சுதன் சொன்னதும் கட்டி சொன்னதும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது எங்கள் மகள் அபிரா பால் கோப்பையைத் தட்டிவிட்டாள். என் கணவர் சுதன் எழுந்து, படைமுகாமுக்குரிய குரலில், "நேராக நில்" என்று ஜெர்மனில் கத்தினார். அப்பா பகிடி விடுகிறார் என்று நினைத்து, சிரித்தபடியே விறைத்து நின்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை. அவள் அழத் தொடங்கிய பிறகும் உட்கார விடவில்லை. நான் குறுக்கே போய் நின்றபோது, யாரோ வழியில் நிற்கிறார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அதுதான் முதல் அறிகுறி. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டோம். இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் இதே நோய் என்றால், முதலில் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

சுதன் ஐந்து வயதில் இலங்கையிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, முன்பே வந்திருந்த தந்தையிடம் பீலெஃபெல்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டில் 'ஆமி' (இராணுவம்) என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். அவர்கள் ஊரைவிட்டு ஓடியதே ஆமிக்குப் பயந்துதான். சுதனுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்து, கட்டாயப் படைச்சேவைக்கு அழைப்பும் வந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்து அதைக் கழித்திருக்கலாம். அவர் படையைத் தேர்ந்தெடுத்தார். விருப்பத்துடன் காலத்தை நீட்டி, பயிற்சி பெற்று, லெப்டினன்ட் ஆனார்.

"ஆமிக்காரரிட்ட இருந்து காப்பாத்திக் கொண்டுவந்தனான். நீ அந்த உடுப்பையே போடப்போறாய்?" என்று கேட்டாராம் மாமா, சுதனின் தந்தை.

"இது வேற ஆமி, அப்பா."

பதவியேற்புக்கு மாமா போகவில்லை. அதன் பிறகு இருவரும் கார் டயரைப் பற்றியும் காலநிலையைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

நான் மணந்த சுதன், படையிலிருந்து விலகி ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளரானவர். வீட்டில் குரல் உயர்த்தாதவர். "கத்துறதெல்லாம் அங்கேயே கத்தி முடிச்சிட்டன்" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சில வாரங்களில் தொழிற்சாலையில் வலிப்பு வந்து விழுந்தார். மூளையைப் படமெடுத்துப் பார்த்த மருத்துவர், கிளியோபிளாஸ்டோமா (மூளையில் வேகமாக வளரும் புற்றுக்கட்டி) என்றார். கட்டி முன்மடலில் (பேச்சையும் நடத்தையையும் அடக்கி வைத்திருக்கும் பகுதி) இருந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மாத்திரைகள். ஒரு கோடைகாலம் முழுவதும் பழைய சுதன் எங்களுடன் இருந்தார். அபிராவை நிற்க வைத்தது அவருக்கு ஞாபகமே இல்லை. சொன்னபோது நம்பவும் இல்லை.

இலையுதிர் காலத்தில் கட்டி திரும்ப வளர்ந்தது.

ஒரு நாள் கதிரையில் இருத்தி அவருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். வெகு அமைதியாகச் சொன்னார்: "எனக்கு உம்மில ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை. அம்மா சொன்னபடியால் கட்டினனான்."

"என்ன சொல்லுறீங்கள்?"

"கேட்டது விளங்கேல்லையோ?"

தொடர்ந்து துவட்டினேன். ஈரத்தலையோடு விட்டால் சளி பிடித்துவிடும்.

அடுத்த முறை மருத்துவரைத் தனியாகச் சந்தித்துக் கேட்டேன்: "இந்தக் கட்டி, மனதில் இல்லாததைச் சொல்ல வைக்குமா, இல்லை, உள்ளே இருந்ததை அடக்க முடியாமல் ஆக்குமா?"

அவர் உடனே ஆறுதல் சொல்லியிருக்கலாம். நேர்மையான பெண். "இரண்டும் நடக்கும். எது எது என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வழி இல்லை" என்றார்.

நோய்தான் பேசுகிறது என்று உங்களிடமும் சொல்வார்கள். நம்ப முடிந்தால் நம்புங்கள். எனக்குச் சில நாட்களில் முடிந்தது, பல நாட்களில் முடியவில்லை.

கடைசி மாதம் அவரை ஹொஸ்பிஸில் (குணப்படுத்த முடியாதவர்களை வலியின்றிப் பார்த்துக்கொள்ளும் இடம்) சேர்த்தேன். மாமா ஊன்றுகோலோடு வந்தார். சுதனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. புதிதாய்ச் சேர்ந்த சிப்பாய் என்று எண்ணி, "நேராக நில்" என்று ஜெர்மனில் கட்டளையிட்டார். மாமாவுக்கு அந்த அளவு ஜெர்மன் விளங்கும். ஊன்றுகோலைக் கட்டிலில் சாத்திவிட்டு, இரு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து நிமிர்ந்து நின்றார்.

"மாமா, இருங்கோ. அவருக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் பிள்ளை. விடு."

சுதன் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உதவாதவன். போ வெளியே" என்றார். மாமா வெளியே போனார். மகன் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதன் பிறகு சுதனுக்குப் பேச்சே நின்றுவிட்டது. ஒரு வாரத்தில் மூச்சும்.

செத்தவீட்டில் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். அவரோடு பயிற்சி பெற்ற ஒரு ஜெர்மன்காரர், சுதன் தன் ஆட்களை ஒருபோதும் அவமானப்படுத்தியதில்லை என்றார். மாமா முன்வரிசையில் தலைகுனிந்தே இருந்தார். அபிரா கொஞ்சம் தள்ளி, கதவுப் பக்கம் நின்றாள்.

சுதனைத் தூக்கித் தூக்கி என் வலது தோள் போய்விட்டது. கையை மேலே உயர்த்த ஏலாது. எங்கள் பழைய வருடங்களை எடுத்துப் பார்க்கிறேன்: கலியாணத்தன்று அவர் சிரித்தது, அபிரா பிறந்த அன்று அழுதது. எதையும் நம்பி அதன் மேல் முழுப் பாரத்தையும் வைக்க முடியவில்லை. கட்டி எந்த வருடம் முளைத்தது என்று எவருக்கும் தெரியாது.

இந்த மாசியில் நான் அவரைவிட மூத்தவளாகிவிட்டேன். சுதன் நாற்பத்தாறிலேயே நிற்கிறார். எனக்கு முழங்காலும் வலிக்கத் தொடங்கியிருக்கிறது. இந்த வயதின் வலி எப்படி இருக்கும் என்று அவர் அறியப்போவதில்லை. எங்கள் இருவரில் இனி வயது போவது எனக்கு மட்டும்தான்.